நகராமல் நின்ற கோடு

என் மாமியார் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது ஒரே ஒரு முறைதான்.

பாகூர் ஏரி நிரம்பி, வாய்க்கால்களில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிய மழைக்காலம் அது. சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் வந்து, அங்கே பஸ் மாறி, நகரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் கல்லூரியில் இறங்கினோம். பூசைக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டியிருந்தார். அதன் கரை முழுவதும் சேறு.

எக்ஸ்ரே அறை வாசலில் வந்ததும் நின்றுவிட்டார். என்னையும் உள்ளே விடவில்லை. என் வயிற்றுக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த, என்னோடு ஆராய்ச்சி செய்யும் கதிரவனிடம் கேட்டார்.

"தம்பி, அந்த மிஷினு எது?"

"இதாம்மா."

"இப்ப ஓடுதா?"

"ஓடுதும்மா."

"நிறுத்து. நிறுத்திட்டுப் பேசு."

கதிரவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் பொத்தானை அமுக்கியதும் மேலே எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. ஆனால் உர்ர்ரென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"பொய் சொல்றியா? சத்தம் வருது பார்."

"அது தண்ணி மோட்டாரும்மா. மிஷினு சூடாவாம இருக்கறதுக்கு."

"அதையும் நிறுத்து."

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவருடைய கையைத் தள்ளிவிட்டு உள்ளே போக என்னால் முடியும். ஆனால் தள்ளவில்லை; நானும் வாசலிலேயே நின்றேன்.

எலும்பு தெரியாத எக்ஸ்ரே

எக்ஸ்ரே என்றால் எங்கள் பக்கத்தில் உடைந்த கை, சுளுக்கிய கால், சளி கட்டிய நெஞ்சு. இவ்வளவுதான். நான் எக்ஸ்ரே வைத்து உலோகத்தை ஆராய்கிறேன் என்றால் யாருக்கும் புரியாது. வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த வீட்டுக்குச் சேவியர் பெண் பார்க்க வந்த நாளில், நான் என் படிப்பைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இரும்புக்கு இன்னாங்க ஒடம்பு சரியில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்தக் கேள்வியிலேயே ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

இரும்பு இல்லை, அலுமினியம். சுத்தமான அலுமினியம் மிருதுவானது, வளைந்துவிடும். அதோடு மெக்னீசியம் சேர்த்தால் உறுதி கூடும், எடையும் ஏறாது. படகுக்கு ஏற்ற உலோகம். ஆனால் எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீரில் உப்பு ஓரளவுக்கு மேல் கரையாமல் அடியில் தங்கிவிடுகிறதில்லையா? உலோகத்துக்குள்ளும் அப்படித்தான். கெட்டியாக இருக்கும்போதே ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். எல்லை தாண்டினால் மிச்சம் தனியாகப் பிரிந்து, துணுக்குத் துணுக்காக ஒதுங்கும். உப்புத் தண்ணீர் பட்டால் அந்த இடத்திலிருந்துதான் அரிப்பு தொடங்கும்.

அலுமினியம், மெக்னீசியம் இரண்டையும் பற்றி உலகத்துக்கு முன்பே தெரியும். மூன்றாவதாகக் கொஞ்சம் துத்தநாகத்தையும் சேர்த்தால் அந்த எல்லை எங்கே போய் நிற்கும் என்பதுதான் என் கேள்வி.

உலோகத்துக்குள் எட்டிப் பார்த்து 'கரைந்ததா, இல்லையா' என்று கேட்க முடியாது. அதற்குத்தான் எக்ஸ்ரே. அலுமினியத்தின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கி நிற்கின்றன. மெக்னீசியம் அணு கொஞ்சம் பருமன். உள்ளே நுழைந்தால் பக்கத்தில் இருப்பவர்களைத் தள்ளிக்கொண்டுதான் உட்காரும். கூட்டமான பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் பருமனான ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி. வரிசைகளின் இடைவெளி ஒரு துளி கூடும். அந்த ஒரு துளியை எக்ஸ்ரே கண்டுபிடித்துவிடும். கணினித் திரையில் வரும் கோடு கொஞ்சம் இடது பக்கம் நகரும்.

மெக்னீசியத்தைக் கூட்டக் கூட்டக் கோடு நகர்ந்துகொண்டே போகும். எந்த அளவில் நகராமல் நின்றுவிடுகிறதோ, அங்கே உள்ளே இடம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடித்தான் நான் வருடக்கணக்கில் உலோகத்தை உருக்கி, அரத்தால் ராவித் தூளாக்கி, கண்ணாடிக் குழாயில் காற்றில்லாமல் அடைத்து, உலையில் நாள் கணக்கில் வைத்து, எடுத்த வேகத்தில் ஐஸ் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சேவியர் ஒருநாள் என்னோடு வந்து ராவிப் பார்த்தார். தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன் அவர்; கைவேலை தெரிந்தவர். அரை மணி நேரம் ராவியதில் ஒரு சிட்டிகைத் தூள் வந்தது. "இதுக்கா தினம் இவ்ளோ நேரமாவுது?" என்றார். அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வரும்போது கை வலிக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்.

போன தடவை

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். அடுத்ததை அப்படி எழுத முடியாது.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருடத்தில் நான் முதல்முறையாக உண்டானேன். மூன்றாம் மாதம் முடிவதற்குள் அது கலைந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் வரை நான் எக்ஸ்ரே அறையில்தான் இருந்தேன்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "இது நிறைய பேருக்கு நடக்கறதும்மா. உன்னால இல்ல. எதனாலன்னு பல நேரம் எங்களுக்கே தெரியாது." நாங்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சு பேட்ஜை வழக்கம்போல் சோதனைக்கு அனுப்பினோம். அதில் ஒன்றுமே பதிவாகவில்லை என்று பதில் வந்தது. அறிவுக்கு இரண்டும் போதும். படுத்தால் தூக்கம் வர அது போதவில்லை.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், யாராவது ஒருத்தி அனுதாபமாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னமும் அந்த எக்ஸ்ரே வேலைக்குத்தான் போறியா?" என்பாள். ஒருநாள் நான் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளே அத்தை சேவியரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அந்த மிஷினாலதான் போயிருக்குமாடா?"

"தெரியலம்மா" என்றார் சேவியர்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் ஆறுவதற்கு வெகுநாள் ஆனது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாது. நான் யாருக்கும் புரியவைக்கவும் இல்லை.

இரண்டு பேர், ஒரே தூள்

இரண்டாவது முறை உண்டானதும், என் ஆராய்ச்சியை வழிநடத்தும் மேடத்திடம் போய்ச் சொன்னேன். விதிப்படியும் சொல்லியாக வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அமலா, மிஷின்ல உக்காருன்னு நான் சொல்ல மாட்டேன். உக்காராதேன்னும் சொல்ல மாட்டேன். ஆபத்து இல்லைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா மனசு நிம்மதியா இருக்கணும். முடிவு உன்னுது."

நான் உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன். பயந்து அல்ல. மறுபடி ஏதாவது ஆகிவிட்டால், வாழ்நாள் முழுக்க என் தலையில் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காகத்தான்.

அப்படியானால் அளவெடுப்பது யார்? எங்கள் குழுவில் மிச்சம் இருந்தது கதிரவன். கரியமாணிக்கத்துக்காரன், கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அந்தச் சமயத்தில் எங்களுக்குள் பேச்சே இல்லை. மிஷின் யாருக்கு எந்த நாள் என்பதில் ஒரு சண்டை. அவன் பெயர் போட்ட நாளில் நான் உட்கார்ந்துவிட்டேன் என்பான். இல்லை, அவன்தான் என் நாளைப் பிடித்துக்கொண்டான் என்பேன். வராந்தாவில் எதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம்.

அவனிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க தூளைக் குடுங்கக்கா" என்றான். "என் நாள்லயே போட்டு எடுத்துத் தரன்."

இப்படி ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. நான் உருக்குவேன், ராவுவேன், உலையைப் பார்ப்பேன். அவன் அளவெடுத்துப் போனில் அனுப்புவான். நான் வீட்டில் கோடு நகர்ந்த அளவைக் கணக்குப் போட்டு வரைபடத்தில் புள்ளி வைப்பேன்.

பிறகு ஒருநாள் அவன், சரிபார்ப்பதற்காக, நான் முன்பே அளந்திருந்த ஒரு தூளை மறுபடி எடுத்துப் பார்த்தான். என் கோடு ஓரிடத்தில் இருந்தது. அவன் கோடு வேறிடத்தில் இருந்தது. அதே தூள், அதே மிஷின். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த நகர்வும் அதே அளவுக்குச் சிறியது.

"நான் சரியாத்தான் வச்சேன்க்கா" என்றான் போனில்.

"நானும் சரியாத்தான் வச்சேன் தம்பி."

பழைய சண்டை மறுபடி எட்டிப் பார்ப்பது இருவருக்கும் தெரிந்தது.

மேடம் சுருக்கமாகச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல, பக்கத்துல நின்னு எடுத்துப் பாருங்க. யாரு கோடு சரின்னு தெரியற வரைக்கும் உன் வரைபடத்துல ஒரு புள்ளியும் செல்லாது."

ஒரு புள்ளியும் செல்லாது. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை இது மட்டுமே மனதில் ஓடியது.

வீட்டில் சொன்னதும் அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போவக் கூடாது."

"ஒரு நாள்தான் அத்தை. மிஷின் ஓடும்போது நான் வெளிய நின்னுக்கறன்."

"ஒரு நாள்தான், ஒரு நாள்தான்னு... போன தடவையும் நீ நல்லாத்தானே போயிட்டு வந்த?"

சேவியர் எழுந்து வந்து நடுவில் நின்றார். "அம்மா, அவ இத்தினி வருஷமா பண்ணது அத்தனையும் வீணாப் போயிடும்மா."

"புள்ள வீணாப் போனா?"

யாரும் சாப்பிடவில்லை. நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் கிளம்புவதா வேண்டாமா என்று தெரியாமலேயே தலை வாரிக்கொண்டிருந்தபோது, அத்தை நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு குடையோடு வாசலில் நின்றார்.

"வா. நானும் வரன். எனக்கு அதைப் பாக்கணும்."

கதவைத் திற

இப்படித்தான் அவர் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

கதிரவன் தண்ணீர் மோட்டாரையும் நிறுத்தினான். அறை அமைதியானது. பிறகு அலமாரியிலிருந்து கதிர்வீச்சு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். கையில் பிடித்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. கதிர் பட்டால் முள் ஏறும், கிர் கிர்ரென்று சத்தம் வரும்.

"அம்மா, இதை நீங்களே பிடிச்சுக்கோங்க. எக்ஸ்ரே வெளிய வந்தா இது கத்தும். நான் தண்ணி மோட்டாரையும் மிஷினையும் போடறன். நீங்க எங்க வேணுமோ அங்க காட்டிப் பாருங்க. அக்கா இங்கயே இருக்கட்டும்."

அத்தை என்னை வராந்தாவின் கடைசிக்கு அனுப்பிவிட்டு மீட்டரை வாங்கிக்கொண்டார். நான் அங்கிருந்தே பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் தொட்டில் துணியில் கிழிசல் தேடுகிறவர் போல, மிஷினின் கண்ணாடிக் கதவை மேலும் கீழும், இடுக்கு இடுக்காகத் தடவினார். மீட்டர் எப்போதாவது ஒரு முறை டிக் என்றது.

"கத்துதே!"

"அது எப்பவும் வரதும்மா. மண்ணுல, வானத்துல இருந்து வரது. வெளியில போனாலும் வரும்."

"பாக்கறன்" என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை படியிறங்கி, மீட்டரை முந்தானையால் மூடிக்கொண்டு, மரத்தடிக்குப் போய் நின்றார். கொஞ்ச நேரம் காதருகில் வைத்துக் கேட்டார். திரும்பி வந்து மறுபடி மிஷினருகே வைத்துக் கேட்டார். இரண்டும் ஒன்றுதான்.

"சரி. ஓடறப்ப இந்தக் கதவைத் தொறந்துட்டா?"

"தொறந்த உடனே எக்ஸ்ரே நின்னுடும்மா."

"தொற."

கதிரவன் திறந்தான். சிவப்பு விளக்கு பட்டென்று அணைந்தது. மீட்டர் கத்தவில்லை. அத்தை மூன்று நான்கு முறை திறக்கச் சொன்னார். அவனும் சலிக்காமல் திறந்தான்.

பிறகு அவர் மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். புடவைக் கரையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப போன தடவை இதனால இல்ல."

"இல்ல அத்தை."

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்புவீங்களா?"

அவர் மழையைப் பார்த்தபடி பேசினார். அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லாத விஷயம்.

"சேவியருக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு போச்சு. நாத்து நடப் போனதாலதான்னு சொன்னாங்க. குனிஞ்சு குனிஞ்சு நட்டியே, அதான்னு. எங்க மாமியார் சாவறவரைக்கும் சொன்னாங்க. நானும் அப்படித்தான்னு இருந்துட்டன். கூட நட்டவளுக்கெல்லாம் நல்லாத்தான் பொறந்துச்சு. அதைக்கூட யோசிக்கல." மூக்கை உறிஞ்சினார். "எனக்கு இப்பிடி ஒரு பொட்டிய யாரும் காட்டல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"போ" என்றார் அத்தை. "அந்தத் தம்பி எவ்ளோ நேரம் காத்திருக்கும்? போய் இன்னான்னு பாரு."

ஒரு மயிரிழை

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தூளை ஒரு சின்னத் தட்டின் குழியில் போட்டு, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி மட்டம் பண்ணுவோம். இருவரும் அடுத்தடுத்து நிரப்பினோம். தட்டுகளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால், அவனுடையது விளிம்பைவிட ஒரு மயிரிழை உயரம். என்னுடையது ஒரு மயிரிழை பள்ளம். உயரம் மாறினால் கோடு இடம் மாறும்.

"அப்ப ரெண்டு பேரும் தப்பாக்கா?" என்றான்.

"ரெண்டு பேரும்தான் தம்பி."

எதற்கோ இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு.

மேடம் வந்து பார்த்தார். என்ன செய்யலாம் என்று மூவரும் பேசினோம். சிலிக்கன் தூளைக் கலக்கலாம் என்று முடிவாயிற்று. சிலிக்கனின் கோடு எங்கே விழ வேண்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். எங்கள் தூளோடு அதையும் கலந்து அளந்தால், சிலிக்கன் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்து எங்கள் கோட்டையும் திருத்திவிடலாம். அதற்குப் பிறகு தட்டை நிரப்பியது யார் கை என்பதே முக்கியமில்லை.

நல்லவேளையாக மீதித் தூள்களை எல்லாம் சின்னக் குப்பிகளில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். கதிரவன் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி அளந்தான். அவன் வேலையை ஒத்திவைத்துவிட்டு அளந்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்து மேடம் சொல்லித்தான் தெரியும்.

நின்னுடுச்சு

எட்டாம் மாதத்தில் நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வரைபடத்தில் புள்ளிகள் இப்போது சொன்னபடி கேட்டன. ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் இரண்டு புள்ளிகள் சமமாக நின்றன. இரண்டு போதாது, தற்செயலாக இருக்கலாம். மூன்றாவதும் அதே மட்டத்தில் விழுந்தால்தான் எல்லை கிடைத்ததென்று சொல்லலாம்.

மூன்றாவது எண், ஒரு மத்தியானம் போனில் வந்தது. தோட்டத்தில் அத்தை காய்ந்த உளுந்துச் செடியைக் கோலால் அடித்துக்கொண்டிருந்தார். நான் திருத்தம் போட்டு, ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்துப் புள்ளியை வைத்தேன். மற்ற இரண்டோடும் ஒரே மட்டம்.

"நின்னுடுச்சு!" என்று கத்திவிட்டேன். "அத்தை, நின்னுடுச்சு!"

கோல் விழுந்த சத்தம் கேட்டது. அத்தை முகமெல்லாம் தூசியோடு ஓடி வந்தார். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "இன்னா நின்னுடுச்சு? அசையலியா? அமலா, புள்ள அசையலியா?" என்றார்.

அப்போதுதான் நான் கத்தியது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு உறைத்தது.

"ஐயோ, புள்ள இல்ல அத்தை. கோடு. கோடு நகராம நின்னுடுச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் ஓர் அடி வைத்தார். வலித்தது. "இப்பிடியாடி கத்துவ? உசிரே போயிட்டு வந்துச்சு" என்று அழுதார், அழுதுகொண்டே என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். உள்ளே உதைத்தது. அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காட்டு, எங்க நின்னுச்சு?" என்றார்.

காட்டினேன். உளுந்துத் தூசி படிந்த விரலால் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே மேலே வந்து, சமமான இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப இதுக்கு மேல போட்டா உள்ள சேராதா?"

"சேராது அத்தை."

"முடிஞ்சுதா உன் படிப்பு?"

"இது ஒரு சூட்டுக்குத்தான் அத்தை, உலைச் சூடு மாறினா எல்லையும் மாறும். இன்னும் ரெண்டு சூட்டுல வச்சுப் பாக்கணும்."

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள பொறந்து தல நிக்கட்டும். அப்பறம் நீ போ. வூட்ல நான் பாத்துக்கறன்."

சித்திரையில் எனக்கு மகள் பிறந்தாள். தலை நின்று, குப்புற விழவும் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு காலையில் நான் மறுபடி கல்லூரிக்குக் கிளம்பினேன். தெருமுனையில் பஸ் வந்து நின்றுவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வாசல் வரை வந்தார். பத்திரமாகப் போ என்றோ சீக்கிரம் வா என்றோ சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"அமலா, அந்தத் தம்பியைக் கேட்டன்னு சொல்லு!" என்றார்.